ஒன்றரைக் காது ஊசி

1

பதினோரு வருடங்களாகச் செப்டம்பர் முதல் வாரத்தில் எனக்கு ஒரு கடிதம் வரும். தீபாவளி முன்னே பின்னே வரும். இந்தக் கடிதம் ஒரு நாளும் தள்ளியதில்லை. இந்த வருடம் அது வரவில்லை. நான்கு நாளாகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியோரம் நின்று, எதைத் தேடுகிறாய் என்று கேட்டார். வராது என்று நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் தங்கமணி. திருப்பூர் வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வீட்டுப் பெண். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அப்பா ஆரம்பித்த கம்பெனியை இப்போது தம்பி குமரேசன் நடத்துகிறான். அவன் தைத்து அனுப்பும் கைக்குழந்தை உடுப்புகளை என் வீட்டுக் கார் ஷெட்டில் அடுக்கி வைத்து, சுற்றுவட்டாரத்தில் பதினான்கு கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கார் மழையில் நின்றது, உடுப்பு ஷெட்டுக்குள் இருந்தது. என் வீட்டுக்காரர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

வரவேண்டிய கடிதம் இன்சூரன்ஸ் கம்பெனியுடையது. இங்கே சரக்கு நன்றாக இருந்தால் மட்டும் வியாபாரம் நடக்காது. உன் துணியால் யாருக்காவது கேடு வந்து கேஸ் போட்டால் பணம் கட்ட ஓர் ஆள் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்பார். ஆள் இருக்கிறது என்பதற்கு இன்சூரன்ஸ் சான்றிதழைக் காட்ட வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் ஒரு ஜோடி கையுறைகூடக் கடைத்தட்டில் ஏறாது.

போன செப்டம்பரில் வந்த கடிதத்தில் பிரீமியம் ஒன்றரை மடங்காகியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்மீது அதுவரை ஒரு கேஸ்கூட இல்லை. ஏஜென்டைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர் குஜராத்திக்காரர், பொறுமைசாலி. "அம்மா, உங்கள் கேஸுக்காக ஏறவில்லை. மற்றவர்கள் கேஸுக்காக ஏறியிருக்கிறது" என்றார். பிறகு விளக்கினார். இங்கே வக்கீல் முதலில் கூலி வாங்கமாட்டார், ஜெயித்தால் பங்கு எடுத்துக்கொள்வார். அதனால் கேஸ் போடுகிறவருக்குக் கையை விட்டுப் போக எதுவுமில்லை. நிஜமோ பொய்யோ, கோர்ட்டில் நின்று வாதாட ஆகும் செலவைவிடக் கொடுத்து முடிப்பது மலிவு. இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்து முடிக்கும். கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அடுத்த கேஸ் வரும். கொடுத்ததையெல்லாம் குழந்தைத் துணி விற்கும் எல்லோர் தலையிலும் பிரித்துப் போடுவார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் ஊரில் ஒரு பனியன் வேஸ்ட் குடோனில் தீப்பிடித்தால், அந்த வரிசையில் இருக்கும் எல்லா ஷெட்டுக்கும் பிரீமியம் ஏறும். இங்கே தீயே இல்லாமல் வரிசை முழுவதும் எரிந்துகொண்டிருக்கிறது.

"இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது" என்றார் ஏஜென்ட். எல்லா உடுப்பிலும் எச்சரிக்கை லேபிள் ஒன்று கூடுதலாகத் தைக்க வேண்டும். நெருப்பருகே கொண்டுபோகாதே, கயிற்றில் மாட்டாதே, குழந்தையைத் தனியாக விடாதே என்று ஒன்பது வரி, மூன்று மொழிகளில். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கேஸ் இருக்கிறது என்றார்.

2

அந்த நேரம் பார்த்து வேலம்பாளையத்தில் இரண்டாயிரத்து நானூறு பீஸ் பேக் ஆகி, பெட்டியில் டேப் ஒட்டித் தயாராக இருந்தது. மஞ்சள் வாத்து அச்சடித்த, பாதம் மூடிய உடுப்பு. தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க்கா, பேக் பண்ணி வெச்ச பெட்டியப் பிரிக்கோணுங்களா? நாளைக்கழிச்சு லாரி வருதுங்க்கா."

"பிரிச்சுத்தான் ஆகோணும் கண்ணு. அந்த லேபிள் இல்லாட்டி இன்சூரன்ஸ் இல்ல. இன்சூரன்ஸ் இல்லாட்டி கடையில ஏறாது."

ஞாயிற்றுக்கிழமை ஆள் போட்டுத் தைத்தார்கள். ஊரில் கறி எடுக்கும் நாளில், தையல் நடக்கும் பவர் டேபிளில் ஆறு மிஷின் ஓடியது. மூன்று மொழி மடிந்த லேபிள் நான்கு மடிப்புத் தடிமன், பக்கத் தையலில் வைத்து அடிக்கும்போது ஊசி வளைகிறது என்று தம்பி அன்றைக்கே சொன்னான். மெட்டல் டிடெக்டரில் மறுபடி ஓட்ட வேண்டுமா என்று கேட்டான். துணிக்குள் ஊசித் துண்டு கிடந்தால் கத்துகிற இயந்திரம் அது. பேக் பண்ணும் முன்பே எல்லா பீஸும் அதில் ஓடி முடிந்திருந்தன.

"லேபிள்தானே, அனுப்பிடு" என்றேன். இப்படி நான் சொன்னதை எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை, இங்கே எழுதுகிறேன்.

வெளியாட்களுக்காக ஊசி நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கும்போது ஊசி உடைந்தால் சும்மா மாற்றிக்கொள்ள முடியாது. உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து ஊசி ஸ்டோரில் கொடுக்க வேண்டும். ஸ்டோரில் இருப்பவர் அவற்றைச் சேர்த்து, முழு ஊசியாகிறதா என்று பார்த்து, நோட்டில் ஒட்டி, தேதியும் மிஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பார். துண்டு கிடைக்காவிட்டால் அந்த மிஷினில் இருந்த துணிப் பண்டல் முழுக்க ஒதுக்கப்பட வேண்டும். வாங்குகிறவர்கள் அனுப்பும் ஆடிட்டர் வந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவார். செல்லோடேப்புக்கு அடியில், செத்த பூச்சிகளைப் பதித்து வைத்ததுபோல, ஊசிகள் வரிசையாகக் கிடக்கும்.

எங்கள் கம்பெனியில் அந்த நோட்டை முதன்முதலில் எழுதியது நான்தான். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் எழுதினேன். ஒரு பக்கத்திலும் குறை வந்ததில்லை. ஆடிட்டர் என்னைப் பாராட்டி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் இங்கே வந்தபின் அந்த வேலை ஸ்டெல்லாவிடம் போனது. ஸ்டெல்லா வேலம்பாளையத்துச் சர்ச் தெருக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இந்த வருடம்வரை அவர்தான் ஊசி ஸ்டோர்.

3

ஏப்ரலில் வேறு ஒரு கடிதம் வந்தது. பக்கத்து மாநிலத்து வக்கீல் ஆபீஸ். என் மகள் யாழினிதான் பிரித்துப் படித்தாள். பதினாறு வயது. தமிழ் புரியும், மனம் வந்தால்தான் பேசுவாள்.

"அம்மா, நம்ம மேல கேஸ்" என்றாள்.

பதினான்கு மாதக் குழந்தை ஒன்று. வாத்து உடுப்பு போட்டிருந்தது. பாதத்தில் ஏதோ ஏறி, சீழ் பிடித்து, அறுத்து எடுத்திருக்கிறார்கள். எடுத்தது ஊசி முனை. குழந்தையின் பெயர் ஏ. எம். என்று மட்டும் இருந்தது. சிறு குழந்தைகளின் பெயரைக் கேஸ் தாளில் முழுதாகப் போடமாட்டார்களாம். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. முகமும் பெயரும் இல்லாத ஒரு குழந்தை தபாலில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

கூடவே ஒரு போட்டோ. அளவுகோலுக்குப் பக்கத்தில் ஊசி முனை, நன்றாகப் பெரிதாக்கி எடுத்தது.

கையெழுத்துப் போட்டிருந்த வக்கீலை எனக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் நாங்கள் திரும்பும் இடத்தில் அவர் முகம் மாடி உயரத்துக்கு நிற்கிறது. "அடிபட்டதா? என்னைக் கூப்பிடு" என்று எழுதி, விரலை நீட்டிக்கொண்டிருப்பார். பல வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போன முகம். மறுநாள் காலை பனிமூட்டத்தில் அந்த வழியாகப் போனேன். பலகை மறைந்து கண்கள் இரண்டும் விரலும் மட்டும் தெரிந்தன. விரல் கார் போகப் போகத் திரும்பியது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நம் பக்கத்தில் என்ன வழக்கம்? நம் வண்டியோ மாடோ யாரையாவது இடித்துவிட்டால், யார்மேல் தப்பு என்பதெல்லாம் அப்புறம். ஒரு பை ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். போகாமல் இருந்தால்தான் பகை. எனக்கு அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கால் ஆறிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்ப்பவர் ஒருவர் போனில் வந்தார். இன்றுவரை அவரை நேரில் பார்த்ததில்லை. சந்தோஷம், துக்கம், எரிச்சல் எதுவும் ஒட்டாத குரல். "அந்தக் குடும்பத்தைத் தொடர்புகொள்ளாதீர்கள். எதையும் எழுதாதீர்கள். எதையும் ஆராயாதீர்கள். முக்கியமாக, வருந்துகிறேன் என்று சொல்லாதீர்கள்" என்றார்.

"ஸாரி" என்றேன்.

"இதைத்தான் சொன்னேன்" என்றார்.

யாழினி தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, ஸாரி சொல்லாத. அது எவிடென்ஸ். நீ எல்லாத்துக்கும் ஸாரி சொல்ற, கதவுகிட்டகூட." அவள் சொன்னது நிஜம். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டு வளர்ந்த வாய், இங்கிலீஷில் அதற்கு வழியில்லாமல் ஸாரியைப் போட்டுக்கொண்டிருந்தது.

"இது பொய்யாக இருக்குமா?" என்று போனில் இருந்தவரிடம் கேட்டேன்.

"இப்படிப்பட்டவற்றில் பல பொய். அவர்களே ஊசியை வைத்துப் போட்டோ எடுப்பார்கள். நாங்கள் கொடுத்து முடித்துவிடுவோம்."

"நிஜமா பொய்யா என்று யார் பார்ப்பார்கள்?"

"அதை யாரும் பார்க்க வேண்டியதில்லை" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிறவர்போல்தான் சொன்னார்.

4

பார்க்காதே என்றால் பார்க்கிற குணம் எனக்கு. காலை ஆறரைக்குத் தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே மாலை நான்கு, டீ நேரம். பின்னால் மிஷின் சத்தம் நின்றிருந்தது.

"பொய் கேஸுங்க்கா" என்றான் எடுத்தவுடன். "நம்ம நோட்டுல எல்லா ஊசியும் முழுசா இருக்குது. அந்த ஞாயித்துக்கெழம மூணு ஊசி ஒடஞ்சிருக்கு, மூணும் ஒட்டியிருக்குதுங்க. நீங்க பயப்படாதீங்க."

பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். ஸ்டெல்லாவின் முத்து முத்தான கையெழுத்து. மூன்று ஊசிகளும் குறையில்லாமல் இருந்தன. அப்பாடா என்று இருந்தது. அந்த வக்கீலை வாய்விட்டுத் திட்டினேன். இப்படிப்பட்ட திருடர்களால்தானே என்னைப் போன்றவர்கள் தலையில் பிரீமியம் ஏறுகிறது என்று வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் கத்தினேன். நான் குற்றமற்றவள் என்று நினைத்துக்கொண்டு கோபப்படுவது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் துணி காயவைக்கும் இயந்திரத்துக்குள் ஏதோ 'டிக்... டிக்...' என்று தட்டிக்கொண்டே இருந்தது. நிறுத்தித் தேடினேன். பித்தான் இல்லை, காசு இல்லை, ஜிப் இல்லை. மூடி ஓட்டினால் மறுபடியும் டிக். என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. அப்படியே அங்கே தரையில் உட்கார்ந்து, போனில் அந்தப் பக்கத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன்.

மிஷின் ஊசிக்கு நூல் கோக்கும் காது கீழே, முனைக்குச் சற்று மேலே இருக்கும். உடைந்தால் பெரும்பாலும் அந்தக் காதில்தான் உடையும். இரண்டாவது ஊசியின் மேல்துண்டு அப்படித்தான் காதுக்கு நடுவே உடைந்து, பாதிக் காதோடு நின்றது. அதற்குக் கீழே ஒட்டியிருந்த முனையில் முழுக் காது இருந்தது.

ஒரு ஊசிக்கு ஒன்றரைக் காது எப்படி இருக்கும்?

வக்கீல் அனுப்பிய போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அளவுகோல் ஓரத்தில் கிடந்த முனையின் மேல்பக்கம், கிழிந்த பிறைபோல, மீதிப் பாதிக் காது இருந்தது.

இயந்திரம் ஓடி முடிந்து மணி அடித்தது. பொய்க் கேஸ்களின் கூட்டத்தில் ஒரு நிஜக் கேஸ், அத்தனை பேரும் பொய் என்று முடிவுகட்டிவிட்ட பிறகு, என் கையில் மட்டும் நிஜமாகக் கிடந்தது.

5

ஸ்டெல்லாவை வீடியோவில் பிடித்தேன். தம்பியை வெளியே போகச் சொல்லிவிட்டேன். ஊசி ஸ்டோர் அப்படியே இருந்தது. அதே மரப்பலகை, அதே கம்பி ஜன்னல், சுவரில் புதுசாக ஒரு ஏசு படம்.

"அம்மிணி, நல்லாருக்கறீங்களா? பாப்பா எப்படி இருக்குது? எளச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க."

"ஸ்டெல்லாக்கா, ரெண்டாவது ஊசியோட முனை அந்த ஊசியோடதா?"

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க அம்மிணி."

"அப்ப எங்கிருந்து வந்துச்சு?"

அவர் குனிந்து மேசைக்கு அடியில் கைவிட்டு எடுத்து, போனுக்கு நேராகப் பிடித்தார். சிவப்பு மூடி போட்ட சின்னத் திருநீற்று டப்பா. மூடியில் நகத்தால் கீறிய ஒரு 'த'.

"நீங்க குடுத்துட்டுப் போன டப்பாதானுங்க."

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்த டப்பாவை நான் ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். ஒரு பக்கத்திலும் குறை வராத நோட்டை எழுதியவளுக்கு அதுதான் ரகசியம். துண்டு கிடைக்காமல் போனால் பண்டலை ஒதுக்க வேண்டும், தையல் லைன் நிற்கும், கப்பல் தவறும், அப்பா கத்துவார். அதனால் தேய்ந்து கழித்த ஊசிகளின் முனையை ஒடித்து டப்பாவில் சேர்த்து வைத்துக்கொள்வேன். எந்த முனை காணாமல் போனாலும் ஒன்றை எடுத்து ஒட்டிவிடலாம். ஆடிட்டர் துண்டுகளை எண்ணுவாரே தவிர, சேர்த்துப் பார்க்கமாட்டார். "கீழதான் எங்காச்சும் விழுந்திருக்கும், கூட்டுனாப் போயிரும்" என்று ஸ்டெல்லாவுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நானே. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அமெரிக்கா என்றால் பெட்டியில் ஒட்டும் விலாசம், அவ்வளவுதான். அங்கே பாதங்கள் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"டப்பா தீந்து போகலீங்களா?" என்று கேட்டேன்.

"தீரத் தீர ஒடிச்சுப் போட்டுக்குவனுங்க."

"எத்தன தடவ ரொப்புனீங்க?"

"அதெல்லாம் கணக்கு வெக்கலீங்களே அம்மிணி."

டப்பாவை லேசாக ஆட்டிக் காட்டினார். எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, போன் வழியாக, சீரகம் உதிர்வதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒட்டப்பட்ட ஒவ்வொரு முனைக்கும் பதிலாக நிஜமான முனை ஒன்று எங்கோ கிடக்கிறது. தரையில், குப்பையில், சாக்கடையில் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எல்லாமே அங்கேதான் கிடக்கின்றன என்று யார் சொல்வார்கள்?

"அந்த ஞாயித்துக்கெழம எத்தன முனை கெடைக்கல?"

"ரெண்டுங்க. மூணாவது கெடச்சுதுங்க. லாரி வாசல்ல நின்னுட்டிருந்துச்சுங்களா..." ஸ்டெல்லா அழ ஆரம்பித்தார். "லேபிள்தானேன்னு அனுப்பச் சொன்னீங்கன்னு தம்பி சொல்லுச்சுங்க."

இரண்டில் ஒன்று ஏ. எம்.மின் காலில் ஏறியது. இன்னொன்று அந்த இரண்டாயிரத்து நானூறில் ஏதோ ஒரு வாத்துக்குள் இருந்தது.

6

கிளெய்ம்காரரைக் கூப்பிட்டேன். அதற்குள் கேஸ் முடிந்துவிட்டது என்றார். கொடுத்து முடித்தாகிவிட்டது, இரு தரப்பும் வாய் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம்.

"அந்தக் கேஸ் நிஜம்" என்றேன்.

"இந்தப் பேச்சு பதிவாகிறது" என்றார்.

"இன்னொரு முனை வெளியே இருக்கிறது. உடுப்புகளைத் திரும்ப வாங்க வேண்டும்."

அவர் நிதானமாகச் சொன்னார். கடைகளுக்கு நான் ஒரு வரி எழுதினாலும் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். மறுநாளே நெடுஞ்சாலை முகங்கள் அத்தனையும் என்னைத் தேடி வரும். ஒன்றும் ஆகாத குழந்தைகளுக்கெல்லாம் கால் வலிக்கும். இன்சூரன்ஸ் அதற்குப் பொறுப்பேற்காது. "எழுதாவிட்டால், அநேகமாக எதுவும் நடக்காது" என்றார்.

அநேகமாக.

நியாயமாகச் சொன்னால், அவர் கெட்டவர் இல்லை. இந்த ஊரில் இத்தனை பேர் இத்தனை காலம் பொய்யாகக் கேஸ் போட்டுப் போட்டு, உண்மையைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு வைக்கும் காரியம் என்று ஆகிவிட்டது. பயந்து பயந்து லேபிள் தைக்கச் சொன்னார்கள், அந்த லேபிளைத் தைக்கும்போதுதான் ஊசி உடைந்தது. எனக்கு இந்த ஊர்மேல் கோபம் வந்தது. ஆனால் அந்த டப்பா நியூ ஜெர்சியில் இருந்து வந்ததல்ல.

தம்பியிடம் சொன்னேன்.

"அக்கா, நீங்க எழுதுனா உங்க யாவாரம் போயிரும். உங்க ஆர்டர் போனா ஒரு லைன் நின்னுரும். இருவது பேருங்க. ஸ்டெல்லாக்கா உட்பட."

"தெரியும் கண்ணு."

"பொறவு எதுக்குங்க்கா?"

"என்ற கையில ஆரம்பிச்சுது கண்ணு. உன்ற புள்ள கால்னா நீ என்ன பண்ணுவ?"

"அந்த டப்பாவ எனக்குத் தெரியாதுங்க்கா" என்றான். கோபமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, பதினான்கு கடைக்கும் போன பெட்டி நம்பர்களை ஒரு மணி நேரத்தில் அனுப்பியும் வைத்தான்.

கடைகளுக்கான கடிதத்தை இங்கிலீஷில் யாழினி அடித்துக் கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். 'வருந்துகிறோம்' என்ற இடத்தில் விரல்கள் நின்றன.

"இது வேணாம்மா. இது மட்டும் எடுத்துடலாம். மீதி போதும்."

"அது இல்லாட்டி மீதி எதுக்கு?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துவிட்டு அழித்தாள். மறுபடி அடித்தாள். இந்த முறை அழிக்கவில்லை. பதினாறு வருடத்தில் அவளுக்கும் எனக்கும் ஒரே வார்த்தையில் ஒத்துப்போனது அன்றுதான்.

கடிதம் போன பத்தாம் நாள் இன்சூரன்ஸை நிறுத்தினார்கள். அதனால்தான் இந்த செப்டம்பரில் கடிதம் வரவில்லை. வேலம்பாளையத்தில் அந்த லைன் நின்றுவிட்டது. ஸ்டெல்லாவைத் தம்பி செக்கிங் பக்கம் மாற்றியிருக்கிறான். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடவா என்று அவர் கேட்டார். வேண்டாம், நோட்டோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். எந்த ஆடிட்டர் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டேன். யோசிக்கிறேனுங்க்கா என்றிருக்கிறான்.

7

உடுப்புகள் திரும்பி வந்தன. விற்காமல் கிடந்தவை பெட்டியோடு வந்தன. விற்றவையில் சில, கசங்கி, பால்வாசத்தோடு வந்தன. சனி ஞாயிறு பகல் முழுவதும் ஷெட்டைத் திறந்து போட்டு நானும் யாழினியும் பெரிய காந்தம் ஒன்றை ஒவ்வொன்றின் மேலும் ஓட்டினோம். உடுப்பின் அழுத்துப் பித்தான்கள் பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. ஊசி இருந்தால் 'டிக்' என்று சத்தம் வரும். நாங்கள் பேசாமல் அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டே ஓட்டினோம். ஆயிரத்து அறுநூறு வாத்து உடுப்பு ஓட்டியிருப்போம். சத்தம் வரவே இல்லை.

மீதி எண்ணூறு எங்கே? இங்கே கைக்குழந்தை உடுப்பு சாவதில்லை. ஒரு குழந்தைக்குச் சின்னதானால் அடுத்த குழந்தைக்குப் போகும், சித்தி வீட்டுக்கு, சர்ச்சுக்கு, முகம் தெரியாத வீட்டுக்கு என்று பாதம் மாறிப் பாதம் மாறிப் போய்க்கொண்டே இருக்கும். எந்தப் பாதத்தில் இப்போது இருக்கிறதோ.

அதனால் ஒரு சின்னக் காந்தத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன். என் வீட்டுக்காரர் என்னை டாக்டரிடம் காட்டலாமா என்று யோசிக்கிறார் என்று தெரியும்.

போன சனிக்கிழமை மத்தியானம் காய்கறிக் கடையில், தள்ளுவண்டி இருக்கையில் உட்கார்ந்து ஒரு குழந்தை காலை ஆட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் வாத்து.

யாழினி என் கையைப் பிடித்தாள். பிறகு அவளே விட்டாள்.

நான் அந்தத் தாயிடம் போனேன். இளம்பெண். முதல் வார்த்தையே ஸாரி என்றேன். இந்த உடுப்பு நான் கொண்டுவந்தது, இதில் ஒரு ஊசி முனை இருக்கலாம், நான் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்தது. என்னைத் தொடவிடவில்லை. காந்தத்தை என் கையிலிருந்து பிடுங்கி, தானே லேபிள் தையலிலிருந்து பாதம்வரை இரண்டு காலிலும் ஓட்டினாள். குழந்தை கூச்சத்தில் சிரித்தது. சத்தம் ஏதும் வரவில்லை.

"இது என் அக்கா குழந்தையுடையது. அதற்கு முன்னால் யாருடையதோ" என்றாள். "இன்னும் எத்தனை முனை இருக்கிறது?"

"ஒன்று."

"எங்கே?"

"தெரியாது" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அடி பின்னே போனாள். போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பதிவாகும் சிவப்புப் புள்ளி தெரிந்தது. "உன் பெயர் என்ன?" என்றாள்.

வாய் திறக்காதே என்று எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள். சொன்னேன். அவளுக்குப் பிடிபடவில்லை. மறுபடி சொன்னேன், அப்போதும் அவள் வாயில் அது நுழையவில்லை.

யாழினி என் பக்கத்தில் வந்து நின்றாள். போனைப் பார்த்து என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, முதலிலிருந்து, நிதானமாகச் சொன்னாள்.